ஆபத்தண்ணை காட்டிய கொழும்பு

கொழும்பில் ஒரு மனிதன் எங்கெங்கே, எந்தெந்த விதமாகச் சாகலாம் என்பதை ஆபத்தண்ணை அளவுக்கு அறிந்தவர் இந்த நகரத்தில் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. இதில் ஒரே சங்கடம், அவருடைய தொழில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் காட்டுவது.

நான் அப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் நின்றேன். விருந்தினர்களில் முக்கால்வாசிப் பேர் கனடா, லண்டன், பாரிஸ் பக்கமிருந்து கல்யாணத்துக்கும் காணி விற்கவும் வருகிற எங்கள் ஆட்கள். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல், அதற்கப்பால் கடல். முதலாளி ஹாஜியார் அந்த ஜன்னலை நம்பித்தான் வியாபாரத்தில் இறங்கினார். வழுவழுப்பான தாளில் ஒரு துண்டுப்பிரசுரமும் அச்சடித்து வைத்திருந்தார்: 'கொழும்பில் நீங்கள் தவறவிடக்கூடாத பத்து இன்பங்கள்.'

அந்தப் பத்து இன்பங்களுக்கும் விருந்தினர்களைக் கொண்டுபோகிற ஓட்டோ ஆபத்தண்ணையுடையது. ஊர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை. வயது அறுபதை நெருங்கும். கொழும்பில் நாற்பது வருடம் கழித்தும் மலையகப் பேச்சு ஒரு சொட்டுக் குறையவில்லை. 'அண்ணை' என்ற யாழ்ப்பாணத்து ஒட்டு நாங்கள் போட்டது. முதல் பாதி அவரே சம்பாதித்தது.

மட்டக்களப்பிலிருந்து புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. முதல் நாள் பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனார்கள். மாப்பிள்ளை கடலோரச் சுவரடியில் பெண்சாதியை நிறுத்திப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தார். ஆபத்தண்ணை அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டார்.

"வேணாங்க தம்பி. இதே மாதிரிதான் ஒருத்தரு ஒரு அடி பின்னாடி போனாரு. நல்ல போட்டோ. பொண்ணு அழகா சிரிச்சிருந்திச்சி. விசாரணையில எல்லாருக்கும் காட்டுனாங்க."

தம்பதி அரை மணித்தியாலத்தில் ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டது. தேனிலவுக்கு அது நல்லதுதானே என்று நான் ஹாஜியாருக்குச் சமாதானம் சொன்னேன்.

இறால் வடை வாங்கினால், "வாலைக் கிள்ளிப் போட்டுட்டு சாப்பிடுங்கம்மா, தொண்டைக்குள்ள அது தூண்டில் மாதிரி" என்பார். நகர நடுவிலுள்ள பேரை வாவியில் அன்னப் படகு மிதிக்க ஆசைப்பட்டவர்களிடம், "ஆழமில்லீங்க. ஆனா மனுசனுக்கு மொழங்கால் தண்ணி போதும்" என்பார். தென்னை மரத்தின் கீழ் வண்டியை நிறுத்தமாட்டார். தாமரைக் கோபுரத்துக்கு இரண்டு சந்திக்கு முன்பே இறக்கிவிட்டு, நடந்து போகச் சொல்வார். ஏன் என்று ஒரு லண்டன்காரர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"லிஃப்டெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. இன்னும் ஒண்ணும் ஆகல. அதான் பயமா இருக்கு."

சைக்கிள்கள் அவரை முந்திப் போகும். ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து ஒரு கிழவர் கையில் வாழைப்பூவோடு நடந்தே எங்களை முந்தியதை என் கண்ணால் பார்த்தேன். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்டால், "கல்யாண மண்டபத்துல லைட்டுக்கு வயர் இழுத்திருக்கிற லச்சணத்த பாத்திருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்.

எந்தச் சந்தியிலும் அவருக்கு ஒரு சாவு இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கிறிஸ்தவக் கோயிலடியில் மட்டும் வாய் திறக்கமாட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருப்பார். பிறகு வண்டியைக் கிளப்புவார். குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் ஹாஜியார் பொறுமையிழந்தார். லண்டன் குடும்பமொன்று ஐந்து நாளைக்கு அறை எடுத்து, இரண்டாம் நாளே நுவரெலியாவுக்கு ஓடியிருந்தது.

"இது ஹோட்டலா, மையத்து விழுந்த ஊடா? வாற ஆக்களெல்லாம் பயந்து ஓடுறாங்க! ஒரு நல்ல வார்த்த சொல்ல ஏலாதா ஒனக்கு?"

"சொல்லலாம் மொதலாளி. ஆனா அவங்க திரும்பி வரணுமில்ல."

"எங்க திரும்பி வாற? நுவரெலியாக்குப் போய்ட்டாங்க!"

"உசுரோடதான போயிருக்காங்க?"

ஆபத்தண்ணையின் வண்டியில் ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பது ஹாஜியாருக்கும் தெரியும்.

இந்த வியாதி அவருக்கு எப்படி வந்தது என்பதை, மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் ரிசப்ஷன் கதிரையில் இருந்தபடி அவரே சொன்னார். எங்களிடம் வருவதற்கு முன்னர் பன்னிரண்டு வருடம் அவர் ஒரு திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். எங்கே யார் திடீரென்று செத்தாலும் காரணத்தை விசாரித்து எழுதுவது அந்த அதிகாரியின் வேலை. அவர் பெருத்த உடம்புக்காரர், படியேற முடியாதவர், பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு ஆபத்தண்ணையும் உள்ளே போகவேண்டும். அப்படிப் போய்ப் போய், ஒவ்வொரு தெருவிலும் யார் கடைசியாக எங்கே நின்றார் என்பதாகவே கொழும்பு அவர் மனதில் பதிந்துவிட்டது. அந்த அதிகாரி ஓய்வு பெற்றார். ஆபத்தண்ணைக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில் ஹோட்டலில் ஒரு விருந்தினரும் இல்லை. ஹாஜியார் என்னையும் சமையல்காரரையும் தவிர எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஆபத்தண்ணை அப்போதும் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க ரிசப்ஷனில் இருந்துவிட்டுப் போவார். அந்தக் காலத்தில் அவர் ஒரு ஆபத்தையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்தான் சரோ அக்கா.

டொராண்டோவிலிருந்து தனியாக வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரே ஒரு சிறிய பை. கடல் பார்த்த அறை கேட்டார். மூன்று நாள் வாடகையை முன்கூட்டியே தந்தார். கனடாவிலிருந்து வந்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்காத முதல் மனிதர் அவர்தான். ஏசி சத்தம் போடுகிறது என்றோ, தேத்தண்ணீர் ஆறிப்போச்சு என்றோ ஒரு முறைப்பாடு இல்லை. இப்படியும் ஒரு விருந்தினரா என்று எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டாம் நாள் காலை கீழே வந்து, கையிலிருந்த தடித்த குளிர் ஜாக்கெட்டை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இது நல்ல ஜாக்கெட். எனக்கு இனித் தேவைப்படாது. நீர் வைச்சிரும்."

"ஐயோ அக்கா, எனக்கு எதுக்கு? இந்த வெக்கையில?"

"ஒரு நாளைக்கு நீரும் வெளியால போவீர்தானே."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு, ஆட்கள் அதிகம் வராத கடற்கரை ஒன்றுக்குப் போகவேண்டும், ஓட்டோ இருக்கிறதா என்று கேட்டார். வாசலில் நின்ற ஆபத்தண்ணையைக் காட்டினேன். இருவரும் ஏதோ கதைத்தார்கள். சரோ அக்கா கைப்பையை எடுத்துவர மேலே போனார். ஆபத்தண்ணை நேராக என்னிடம் வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அந்தம்மா எப்ப திரும்பிப் போறாங்க?"

"தெரியாதண்ணை. ஏன்?"

"கூட யாரு?"

"ஒருத்தரும் இல்லை. நல்ல மனுசி அண்ணை, ஒரு தொந்தரவும் இல்லை. பாருங்கோ, இந்த ஜாக்கெட்டையும் எனக்குத் தந்திட்டா."

அவர் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். தொடவில்லை.

"பன்னண்டு வருசம் தம்பி. எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டு ஆளுங்க இதே மாதிரிதான் சொல்லுவாங்க. நேத்து நல்லாத்தான் இருந்தாங்க, சிரிச்சாங்க, சாமானெல்லாம் எடுத்துக் குடுத்தாங்கன்னு. கடலுக்குப் போற ஆளு, நான் எத்தன மணிக்கு கூட்டிட்டு வரணும்னு சொல்லுமா இல்லையா? இவங்க எறக்கிவிட்டா போதும்ங்கிறாங்க."

பொலிஸைக் கூப்பிடுவோமா என்றேன். "என்னான்னு சொல்லுவ? அம்மா சிரிக்கிறாங்கன்னா?" என்றார். பிறகு, இத்தனை வருடம் திரும்பிக்கூடப் பார்க்காத ஹாஜியாரின் துண்டுப்பிரசுரத்தை மேசையிலிருந்து எடுத்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக்கூட்டினார். பத்து இன்பங்களில் ஆறு தண்ணீரிலோ உயரத்திலோ இருந்தன. என் பேனாவை வாங்கி ஆறையும் வெட்டினார்.

"நாலு இருக்கு. நீயும் வா. அவங்க பக்கத்துல உக்காரு."

சமையல்காரரை ரிசப்ஷனில் நிறுத்திவிட்டு நானும் ஏறினேன். அந்தக் கடற்கரை வீதியை இன்று மூடியிருக்கிறார்கள், பின்னேரம் திறப்பார்கள், அதுவரை சும்மா ஊரைப் பார்ப்போம் என்று ஆபத்தண்ணை ஒரு பொய் சொன்னார். சரோ அக்காவுக்கு அவசரம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வாழ்நாள் முழுக்கப் பயமுறுத்தியே பழகிய மனிதர் ஒரு நகரத்தைப் புகழப் பட்ட பாட்டை அன்று பார்த்தேன். புறக்கோட்டையில் பலூடா வாங்கிக் கொடுத்தார்.

"குடிங்கம்மா. ரொம்ப சுத்தம். இங்க குடிச்சி யாரும்..." நிறுத்தினார். "செவப்பா இருக்கு பாருங்க. அழகு."

அடுத்தது சேலைக்கடை. "எவ்ளோ சேல! ஒண்ணக் கட்டி இன்னொண்ணக் கட்ட ஒரு ஆயுசு வேணும்" என்றவர், 'ஆயுசு' என்ற சொல் வாயில் வந்ததற்கு வெளியே போய்த் தலையில் அடித்துக்கொண்டார். காலிமுகத்திடலில் புல்வெளியோடு நிறுத்திப் பட்டம் ஒன்று வாங்கினார். கடலுக்கும் சரோ அக்காவுக்கும் இடையில் தான் நின்றுகொண்டு, கொளுத்தும் வெயிலில், வேர்த்து விறுவிறுத்துப் பட்டம் விட்டார். அது ஏறவில்லை. மூன்று முறை அவருடைய தலையிலேயே வந்து விழுந்தது. பட்டத்து நூலைப் பற்றி அவரிடம் எத்தனை கதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, "ஜாலியா இருக்கு, இல்லீங்களா?" என்றார்.

சரோ அக்காவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. "உங்களுக்கு இது வருகுதில்லை" என்றார். வண்டியில் ஏறியதிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு.

நாலாவது, கொட்டாஞ்சேனையில் அம்மன் கோயில். கும்பிட்டு முடித்து வெளியே வந்தபோது பட்டியலில் மிச்சம் ஒன்றும் இல்லை. நேரம் நாலு மணி. "வீதி திறந்திருப்பினம், என்ன?" என்று சரோ அக்கா கேட்டார்.

"ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்மா. நம்ம வீடு இங்கதான்."

அந்த ஒற்றை அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு காஸ் அடுப்பு. ஆபத்தண்ணை இஞ்சி தட்டிப் பிளேன்டீ ஊற்றினார். சரோ அக்காவைக் கதிரையில் இருத்தி, தான் நிலத்தில் குந்திக்கொண்டார்.

"அம்மா, நான் படிக்காதவன். நேராவே கேக்குறேன். இன்னைக்கு கடலுக்குப் போயிருந்தா, திரும்பி வர்ற எண்ணம் இருந்திச்சா?"

சரோ அக்கா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

"இல்லை" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகன் போய்ப் பதினொரு மாதம். தீராத நோய் என்று அறிந்து ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது. "இப்பவும் காலமை எழும்பி ரெண்டு கப் தேத்தண்ணி போடுறன். ஒண்டைக் குடிச்சிட்டு மற்றதைச் சிங்குக்குள்ள ஊத்திறன். எத்தினை நாளைக்கு ஊத்திறது?"

ஆபத்தண்ணை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கடவுள், காலம், விதி எதையும் இழுக்கவில்லை.

"அதுக்குப் பொறகு என்னா நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும். போலீஸ் ஹோட்டலுக்கு வரும். அங்க யாரு இருப்பா? இந்தத் தம்பி. இவனக் கூட்டிட்டுப் போயி, துணியத் தூக்கிக் காட்டி, இவங்கதானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்து மறுபடி அதே மேசையில நிப்பான். யாரு வந்து சாவி கேட்டாலும் இவன் கண்ணுக்கு நீங்கதான் தெரிவீங்க. செத்தவங்கள நான் ஒருநாளும் வண்டில ஏத்துனதில்லம்மா. விசாரண முடிஞ்சதும், மிஞ்சி இருக்கிற வீட்டு ஆளுங்களத்தான் ஏத்திக்கிட்டுப் போயி வீட்டுல விட்டேன். பன்னண்டு வருசம். அவங்க எறங்க மாட்டாங்க. வீடு வந்திரிச்சின்னு சொன்னாலும் எறங்க மாட்டாங்க."

சரோ அக்கா என் பக்கம் திரும்பினார். அன்று முழுக்கப் பக்கத்தில் இருந்தவனை அப்போதுதான் பார்த்தார் போலிருந்தது.

"உமக்கு அம்மா இருக்கிறாவோ தம்பி?"

"ஓம் அக்கா. கிளிநொச்சியில."

அவ்வளவுதான். கோப்பை கையிலிருந்து சரிந்தது. அவர் அழுத அழுகையை நான் விவரிக்கப்போவதில்லை. ஆபத்தண்ணை சிந்திய தேத்தண்ணீரைத் துணியால் துடைத்தார். வழுக்கிவிடும் என்று மறுபடியும் துடைத்தார்.

இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, வத்தளையில் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். ஏதோ கல்யாண வீட்டுக் கோபத்தில் எட்டு வருடமாகப் பேச்சில்லையாம். இலக்கத்தை வாங்கி அவரே அழைத்தார்.

"அம்மா, ஒங்க அக்கா இங்க கொட்டாஞ்சேனையில இருக்காங்க. தனியா விட முடியாது. ஒடனே வாங்க." அந்தப் பக்கத்தில் கேள்விகள். "ஆமாங்க, ஒடனே. ஆனா அவசரப்படாதீங்க. நீர்கொழும்பு ரோட்டுல கன்டெய்னர் லொறி ஓடுது. நிதானமா, ஒடனே வாங்க."

அழுதுகொண்டிருந்த சரோ அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விக்கலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தங்கச்சி ஒரு மணித்தியாலத்தில் வந்தார். வாசலில் நின்று, "அக்கா" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் அவரும் ஆபத்தண்ணையும் சேர்ந்து சரோ அக்காவை மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். ஐந்து மாதம் வத்தளையில் இருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். நல்ல நாளும் இருந்தது, வத்தளையிலிருந்து தங்கச்சி பயந்துபோய் ஆபத்தண்ணைக்கு ஃபோன் பண்ணிய நாளும் இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் அவர் கையில் இருக்கும் சவாரியை விட்டுவிட்டுப் போவார். போய் என்ன செய்வார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. ரெண்டாவது கப்ப நான் குடிப்பேன்" என்றார்.

ஐந்து மாதம் முடிந்து ஒரு காலை சரோ அக்கா ஹோட்டலுக்கு வந்தார். டொராண்டோ போகிறாராம். கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார்.

"தம்பி, குறை நினைக்காதையும். அங்க குளிர் தொடங்கிட்டுது. அந்த ஜாக்கெட்..."

உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு பொருளை இவ்வளவு சந்தோஷமாக நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆபத்தண்ணை அடுத்த வாரமே பழைய ஆபத்தண்ணையாகிவிட்டார். சூரிச்சிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம், கல்கிசைக் கடலில் நீந்தினால் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே கரையொதுங்கும் என்பதைக் கையால் காற்றில் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். ஹாஜியார் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

நகரத்திலுள்ள எல்லா ஆபத்தையும் அறிந்திருந்தவருக்குச் சொந்தக் காலில் வந்த சிறு கொப்புளம் தெரியவில்லை. சீனி வருத்தம், நீரிழிவு. செருப்பு கடித்தது என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது காலைக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. நான் தினமும் மத்தியானம் சோற்றுப் பார்சலோடு போவேன். ஒரு கால் இல்லாமல் படுத்திருந்தவர், என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ரோட்ட எங்க கடந்த? மஞ்சக் கோட்டுலதான?"

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் எந்த நிலத்தில் வழுக்கும், எந்த ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தார். அவர்கள் அவரை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் போனபோது கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஹட்டனிலிருந்து அவருடைய அக்கா வந்துசேரப் பொழுது சாயும் என்றார்கள். அதுவரை உடலைப் பொறுப்பெடுத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். சிங்களத் தாதி ஒருவர், வயது போனவர், பேனாவோடு நின்றார். பெயர், விலாசம், தொழில் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, நீங்கள் இவருக்கு என்ன முறை, சொந்தக்காரருக்குத்தான் கொடுக்கலாம் என்றார்.

என் பெயரும் அவர் பெயரும் வேறு, ஊரும் பேச்சும் வேறு. தாதி நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த சோற்றுப் பார்சல் இன்னும் சூடாக இருந்தது.

"மல்லி" என்றேன். சிங்களத்தில் அதற்குத் தம்பி என்று அர்த்தம்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.